ஒலிக்கு ஏது பக்க எண்?

ஒரு சின்னப் பரிசோதனை. கண்ணை மூடிக்கொள்ளுங்கள். மூடிக்கொண்டால் இதை எப்படிப் படிப்பதாம் என்று நீங்கள் கேட்பது புரிகிறது. சரி, மூடிக்கொண்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். போதும்.

உங்கள் கம்ப்யூட்டரில் ஓர் ஒலிப்பதிவு இருக்கிறது. கல்லூரி வகுப்பு ஒன்றின் பதிவு. மூன்று மணி நேரம். ஆறு பாடங்களை ஒரே மூச்சில் நடத்தித் தள்ளியிருக்கிறார் பேராசிரியர். நாளைக் காலை பரீட்சை. உங்களுக்கு வேண்டியது நான்காவது பாடம் மட்டும். அது எங்கே ஆரம்பிக்கிறது? எங்கே முடிகிறது?

கண் தெரிகிறவருக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. எடிட்டிங் மென்பொருளில் ஃபைலைத் திறந்தால் திரையில் ஒலி ஒரு படமாக விரிந்து கிடக்கும். மலைத்தொடர் மாதிரி ஏறி இறங்கும் கோடுகள். பேச்சு இருக்கிற இடம் மலை. பேச்சில்லாத இடம் சமவெளி. மவுஸைக் கொண்டுபோய் ஒரு சமவெளியில் வைத்து க்ளிக். அங்கே ஒரு வெட்டு. அடுத்த சமவெளியில் இன்னொரு வெட்டு. ஆறு பாடம், ஆறு ஃபைல். கொஞ்ச நேரத்து வேலை.

பார்வையில்லாதவருக்கு? மலையும் தெரியாது, சமவெளியும் தெரியாது. மவுஸால் பிரயோஜனமில்லை. அவருக்காகத் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்வதற்கு 'ஸ்க்ரீன் ரீடர்' என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. ஆனால் அது எழுத்தைத்தான் வாசிக்கும். இந்தக் கோட்டுப் படத்தை வாசிக்கத் தெரியாது.

இதில் விசித்திரம் என்ன தெரியுமா? வெட்டப்போவது ஒலியை. முழுக்க முழுக்கக் காதுக்கான சரக்கு. காதையே நம்பி வாழ்கிறவர்களுக்கு அந்த வேலை எட்டாமல் போய், கண் இருக்கிறவர்களுக்கு மட்டும் சுலபமானது எப்படி? அப்புறம் அதை அவர்கள் எப்படித் திரும்பப் பிடித்தார்கள்?

ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டுக் கதை இது. எடிசனிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

*

1877-ம் ஆண்டின் கடைசியில் தாமஸ் ஆல்வா எடிசன் தன்னுடைய ஃபோனோகிராஃப் இயந்திரத்தைப் பேசவைத்தார். அடுத்த வருடமே 'நார்த் அமெரிக்கன் ரிவ்யூ' என்கிற பத்திரிகையில் ஒரு கட்டுரை. இந்தப் பேசும் இயந்திரத்தை வைத்துக்கொண்டு என்னவெல்லாம் செய்யலாம் என்று ஒரு பட்டியல் போட்டிருந்தார். முதலிடம், ஸ்டெனோகிராஃபர் இல்லாமல் கடிதங்களைச் சொல்லிப் பதிவு செய்வது. வியாபாரி அல்லவா? ஆபீஸ்காரர்கள்தான் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று தெரியும்.

இரண்டாவது இடம் எதற்கு? பாட்டுக்கு இல்லை. சங்கீதமெல்லாம் அதற்கும் கீழே. இரண்டாமிடம், பார்வையற்றவர்களுக்கான பேசும் புத்தகங்களுக்கு. அவர்கள் ஒரு சிரமமும் படவேண்டாம், புத்தகம் அது பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும் என்பது எடிசனின் கணக்கு.

நல்ல மனசு. சந்தேகமில்லை. ஆனால் பின்னால் வந்த அத்தனை பிரச்னைக்கும் விதை அந்த நல்ல மனசில்தான் இருந்தது.

அது பாட்டுக்குப் பேசும். சரி. நிறுத்து என்றால் நிறுத்துமா? இரண்டு பக்கம் பின்னால் போ என்றால் போகுமா? ஏழாவது அத்தியாயத்தில் ஒரு வருடம் சொன்னாயே, அதை இன்னொரு தரம் சொல்லு என்றால்?

நீங்கள் ஒரு புத்தகத்தைப் படிக்கும்போது எவ்வளவு 'சிரமம்' படுகிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். பொருளடக்கத்தைப் பார்க்கிறீர்கள். போரடிக்கிற பக்கத்தைத் தாண்டுகிறீர்கள். கடைசிப் பக்கத்தைத் திருட்டுத்தனமாக முதலிலேயே புரட்டுகிறீர்கள். பாதியில் மூடும்போது பஸ் டிக்கெட்டைச் சொருகி வைக்கிறீர்கள். இதெல்லாம் சேர்ந்ததுதான் படிப்பு. பிரெய்ல் புத்தகத்திலும் இது உண்டு. பக்கம் இருக்கிறது, விரலால் புரட்டலாம், திரும்பப் போகலாம்.

ஒலியில் இந்தச் சௌகரியம் கிடையாது. அது ஆற்றுத் தண்ணீர் மாதிரி போய்க்கொண்டே இருக்கும். ஒலிக்கு ஏது பக்க எண்?

பார்வையற்றவர்களின் ஒலிப்பதிவு வரலாறு என்பது, சுருக்கமாகச் சொன்னால், அந்தப் பக்க எண்ணைத் தேடி அலைந்த வரலாறு.

*

எடிசனின் கனவு நனவாக 50 வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. காரணம் எளிது. அன்றைய இசைத்தட்டு ஒரு பக்கத்துக்கு நாலைந்து நிமிடம் ஓடினாலே பெரிது. அதில் பாட்டுப் போடலாம். நாவல் போட முடியுமா?

இந்த இடத்தில்தான் அமெரிக்க பார்வையற்றோர் அறக்கட்டளை உள்ளே நுழைகிறது. அதை நடத்திக்கொண்டிருந்தவர்களில் முக்கியமானவர் ராபர்ட் இர்வின். அவரே பார்வையற்றவர். முதல் உலகப் போரில் கண்ணிழந்து திரும்பிய வீரர்களையும், வயதான பிறகு பார்வை போனவர்களையும் பற்றி அவருக்குக் கவலை. சின்ன வயதில் பிரெய்ல் பழகியவர்களுக்கு விரலில் கண் இருக்கும். ஐம்பது வயதில் பழக ஆரம்பித்தால் தாவு தீர்ந்துவிடும். அவர்கள் என்ன செய்வார்கள்?

இர்வினும் அவருடைய எஞ்சினியர்களும் 1930-களின் ஆரம்பத்தில் ஒரு புதுவிதமான தட்டைத் தயாரித்தார்கள். நிமிடத்துக்கு 33 முழுச் சுற்றும் மூன்றில் ஒரு பங்கும். ஒரு பக்கத்துக்குச் சுமார் 15 நிமிடம் ஓடும். 1934-ல் முதல் பேசும் புத்தகங்கள் வெளிவந்தன. கவனியுங்கள், கொலம்பியா கம்பெனி லாங் ப்ளே ரெக்கார்டைக் கடைக்குக் கொண்டுவந்து உலகமே கொண்டாடியது 1948-ல். அதற்கு 14 வருடம் முன்பே பார்வையற்றவர்களின் வீட்டில் அந்த வேகத்தில் தட்டு சுற்றிக்கொண்டிருந்தது!

எல்லோரும் கைதட்டினார்களா என்றால், இல்லை. ஹெலன் கெல்லரே முதலில் தயங்கினார். நாடே பொருளாதார மந்தத்தில் கிடக்கிறது, பார்வையற்றவர்கள் வேலையில்லாமல் தவிக்கிறார்கள், இப்போது இது ஆடம்பரம் என்பது அவர் கட்சி. அவரால் கேட்கவும் முடியாது என்பதை நினைவில் வையுங்கள். ஆனால் பிற்பாடு மனம் மாறி, இதே திட்டத்துக்காக ஊர் ஊராகப் பேசியதும் அவரேதான்.

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கமும் இதே கதை. இயன் ஃப்ரேஸர் என்கிற ஆங்கிலேய இளைஞர். 1916-ல் ஸோம் யுத்தத்தில் குண்டு பட்டுப் பார்வை போனபோது அவருக்கு 18 வயது. பின்னாளில் எம்.பி.யானவர். அவர் முன்னின்று நடத்திய முயற்சியால் 1935-ல் பிரிட்டனில் பேசும் புத்தகச் சேவை ஆரம்பமானது. முதலில் வந்தவற்றில் ஒன்று அகதா கிறிஸ்டியின் 'தி மர்டர் ஆஃப் ரோஜர் ஆக்ராய்ட்'. இன்னொன்று ஜோசப் கான்ராடின் 'டைஃபூன்'. அந்த டைஃபூன் தட்டுகள் தொலைந்தே போய்விட்டன என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். 2016-ல் கனடாவில் ஒரு செட் கிடைத்தது. நான்கு தட்டு. பிரிட்டிஷ் தட்டு இன்னும் நிதானம். நிமிடத்துக்கு 24 சுற்று, பக்கத்துக்கு 25 நிமிடம்.

இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். பத்து மணி நேரம் ஓடும் நாவல். அமெரிக்கத் தட்டில் 40 பக்கம். அதாவது 20 தட்டு. தபாலில் பெட்டி பெட்டியாக வரும். ஒவ்வொரு தட்டிலும் பிரெய்லில் எண் குத்தியிருக்கும். தடவிப் பார்த்து வரிசையாகப் போட வேண்டும்.

ஒரு விதத்தில், நீண்ட ஒலியைத் துண்டு துண்டாகப் பிரித்த முதல் ஏற்பாடு இதுதான். ஆனால் பிரித்தது யார்? வாசகரும் இல்லை, எழுத்தாளரும் இல்லை. தட்டு! 15 நிமிடம் முடிந்தால் அத்தியாயம் முடிந்ததோ இல்லையோ, பக்கம் முடிந்துவிடும். துப்பறியும் கதையில் கொலைகாரன் பெயரைச் சொல்ல வாயெடுக்கும்போது தட்டைத் திருப்ப வேண்டியிருந்தால் எப்படியிருக்கும்?

*

கதை கேட்பவருக்கு இது சின்ன எரிச்சல். மாணவனுக்கு? அது வேறு பிரச்னை.

இரண்டாம் உலகப் போர் முடிந்து அமெரிக்க வீரர்கள் வீடு திரும்பினார்கள். கல்லூரியில் படிக்க அரசாங்கமே பணம் கொடுத்தது. அவர்களில் போர்க்களத்தில் கண்ணைக் கொடுத்துவிட்டு வந்தவர்களும் இருந்தார்கள். ஃபீஸ் கட்டியாகிவிட்டது. பாடப் புத்தகத்தை யார் படித்துக் காட்டுவது?

நியூயார்க் பொது நூலகத்துக்கு உதவிகள் செய்துவந்த பெண்கள் குழுவில் ஆன் மக்டொனால்ட் என்று ஓர் அம்மையார். வீரர்களிடமிருந்து வந்த கடிதங்களைப் பார்த்துவிட்டு 1948-ல் களத்தில் இறங்கினார். தன்னார்வலர்கள் வாய்விட்டுப் படிக்க, அதை 6 அங்குல பிளாஸ்டிக் தட்டுகளில் பதிவு செய்தார்கள். ஒரு பக்கத்துக்கு 12 நிமிடம். கெமிஸ்ட்ரி, சட்டம், பொருளாதாரம் என்று எல்லாம்.

இங்கேதான் சிக்கல் முழு உருவத்தில் வந்து நிற்கிறது. நாவலை முதலிலிருந்து கடைசிவரை கேட்கலாம். பாடப் புத்தகத்தை அப்படியா படிப்போம்? 'பக்கம் 212-ஐத் திறவுங்கள்' என்று வகுப்பில் வாத்தியார் சொல்வார். சடசடவென்று எல்லோரும் புரட்டுவார்கள். பார்வையற்ற மாணவன் எதைப் புரட்டுவான்?

பிறகு கேசட் வந்தது. பார்வையற்றோர் நூலகங்கள் அதையும் சும்மா விடவில்லை. சாதாரண வேகத்தில் பாதி, இரண்டு தடத்துக்குப் பதில் நான்கு தடம் என்று மாற்றினார்கள். ஒன்றரை மணி நேரக் கேசட்டில் ஆறு மணி நேரம் அடங்கியது. பிரமாதம்தான். ஆனால் நீளம் கூடக் கூட, தேடுவது இன்னும் பேஜார். கேசட்டை ஓடவிட்டு, நிறுத்தி, கேட்டு, மறுபடி ஓடவிட்டு... நம்மில் பலபேர் ஒரே ஒரு பாட்டுக்காக இதைச் செய்திருக்கிறோம். ஆறு மணி நேரப் பௌதிகத்தில் செய்து பாருங்கள், தெரியும்.

இதற்கு ஒரு சாமர்த்தியமான வழி கண்டுபிடித்தார்கள். பதிவு செய்யும்போதே, புதுப் பக்கம் ஆரம்பிக்கும் இடத்தில் மிகத் தாழ்ந்த சுருதியில் ஓர் ஒலியைச் சேர்த்துவிடுவது. சாதாரணமாகக் கேட்கும்போது அது காதில் விழாத குறை. ஆனால் டேப்பை வேகமாக ஓட்டினால்? வேகம் கூடினால் சுருதியும் கூடும் இல்லையா? அந்த முனகல் 'பீப்' என்று பளிச்செனக் கேட்கும். ஒரு பீப் என்றால் பக்கம், இரண்டு பீப் என்றால் அத்தியாயம் என்பது மாதிரி ஓர் ஏற்பாடு. பார்வையற்ற மாணவன் பீப்களை எண்ணிக்கொண்டே டேப்பை ஓட்டுவான். பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று... நிறுத்து!

ஒலிக்கு முதல்முறையாகப் பக்க எண் கிடைத்துவிட்டது. ஓட்டை உடைசலான பக்க எண்தான். இருந்தாலும் புரட்டுவது அவன் கை.

இதே காலத்தில் ஒலியை வெட்டி ஒட்டுகிற தொழில் எப்படி இருந்தது என்பதையும் பார்த்துவிடலாம். ரேடியோ நிலையத்திலும் ஸ்டுடியோவிலும் டேப்பைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல உருட்டுவார்கள். 'ழ்ழூப்' என்று இழுபடும் ஒலியைக் காதால் கேட்டே வார்த்தை ஆரம்பிக்கும் இடத்தைப் பிடிப்பார்கள். அங்கே பென்சிலால் ஓர் அடையாளம். பிளேடால் ஒரு வெட்டு. பசை நாடாவால் ஓர் ஒட்டு. முடிந்தது. இதில் முக்கால்வாசி வேலை காதுக்கும் விரலுக்கும்தான். பார்வையில்லாதவர் பழகினால் செய்துவிடக்கூடிய தொழில்.

அப்புறம்தான் கம்ப்யூட்டர் வந்தது.

*

கம்ப்யூட்டர் முதலில் நண்பனாகத்தான் வந்தது.

1980-களின் கம்ப்யூட்டர் திரையில் எழுத்துகள் மட்டும்தான். ஐபிஎம் நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவில் ஜிம் தாட்சர் என்று ஒரு கணித நிபுணர். அவருக்கு முனைவர் பட்ட வழிகாட்டியாக இருந்து பிறகு சக ஊழியராகவும் ஆன ஜெஸ்ஸி ரைட், பார்வையற்றவர். அந்த நட்பிலிருந்து பிறந்தது ஐபிஎம்மின் ஸ்க்ரீன் ரீடர். திரையிலுள்ள எழுத்தைக் குரலாக மாற்றிச் சொல்லும். பெயரே அதுதான். பிறகு அதுவே பொதுப்பெயராகிவிட்டது.

இன்னொருவர் டெட் ஹென்டர். மோட்டார் சைக்கிள் பந்தய வீரர். 1978-ல் ஒரு கார் விபத்தில் பார்வை போனது. பைக்கை மறந்துவிட்டு கம்ப்யூட்டர் புரோகிராமிங் கற்றுக்கொண்டார். கூட்டாளி ஒருவருடன் கம்பெனி ஆரம்பித்து 1989-ல் 'ஜாஸ்' என்கிற ஸ்க்ரீன் ரீடரை வெளியிட்டார். பார்வையற்றவர்கள் ஆபீஸ்களில் வேலைக்குப் போனார்கள்.

சரியாக அந்த நேரத்தில் விண்டோஸ் வந்து குட்டையைக் குழப்பியது. திரையில் எழுத்து போய்ப் படங்கள் வந்தன. குட்டிக் குட்டிச் சின்னங்கள். அவற்றைக் குறிபார்த்து அழுத்த மவுஸ். ஸ்க்ரீன் ரீடர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. பலருக்கு வேலை போய்விடும் என்கிற பயம். இது வீண் பயமில்லை. 1995-ல் ஜாஸ் விண்டோஸுக்கு மாறியது. இரண்டு வருடம் கழித்து, திரையில் இருப்பது பட்டனா, பட்டியலா, பெட்டியா என்று மென்பொருளே ஸ்க்ரீன் ரீடருக்குச் சொல்லிவிடும் ஏற்பாட்டை மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது. ஓரளவு மூச்சு வந்தது.

ஆனால் ஒலி எடிட்டிங்? அதுதான் மலைத்தொடராகிவிட்டதே. பட்டன் என்றால் 'பட்டன்' என்று சொல்லலாம். மலைத்தொடரை என்னவென்று சொல்வது? பிளேடும் விரலுமாக இருந்தபோது காதின் வேலையாக இருந்தது, கம்ப்யூட்டருக்குள் நுழைந்ததும் கண்ணின் வேலையாகிவிட்டது. யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. யாரும் யோசிக்கவுமில்லை. அவ்வளவுதான்.

*

கதவு இரண்டு பக்கமிருந்து திறந்தது.

முதல் பக்கம், நூலகங்கள். ஸ்வீடனின் பேசும் புத்தக நூலகத்தில் 1988-லேயே யோசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கேசட்டின் காலம் முடியப்போகிறது. அடுத்து வரும் டிஜிட்டல் புத்தகத்திலாவது ஆரம்பத்திலேயே பக்க எண்ணை வைத்துவிடலாமே? அப்படிப் பிறந்ததுதான் 'டெய்ஸி'. 1996-ல் பல நாட்டு நூலகங்கள் சேர்ந்து அதற்கென்று ஒரு கூட்டமைப்பையே தொடங்கின. டெய்ஸி புத்தகத்தில் ஒலி ஃபைல்களோடு குட்டிக் குட்டி எழுத்து ஃபைல்களும் இருக்கும். இந்தத் தலைப்பு, இந்த ஒலி ஃபைலில், இத்தனாவது செகண்டில் ஆரம்பிக்கிறது என்கிற விவரம். அத்தியாயம் அத்தியாயமாகத் தாவலாம், பக்கம் பக்கமாகத் தாவலாம், வாக்கியம் வாக்கியமாகக்கூடத் தாவலாம். 212-ம் பக்கமா? 212 என்று அழுத்து. வந்துவிடும்.

ரகசியம் புரிகிறதா? ஒலியை ஒன்றும் செய்யவில்லை. பக்கத்தில் ஓர் எழுத்துக் குறிப்பு வைத்தார்கள். எழுத்து என்றால் ஸ்க்ரீன் ரீடர் படிக்கும்.

இரண்டாவது பக்கம், ஓசி மென்பொருள். ஓசி என்றால் மட்டமில்லை. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டாமினிக் மஸ்ஸோனி, ரோஜர் டானன்பெர்க் என்ற இருவர் ஆரம்பித்த 'ஆடாசிட்டி' என்கிற ஒலி எடிட்டர் 2000-ல் வெளிவந்தது. இலவசம். யார் வேண்டுமானாலும் உள்ளே புகுந்து திருத்தலாம். மவுஸ் இல்லாமல் கீபோர்டிலேயே வேலை செய்வதற்கான வசதிகள் ஒவ்வொன்றாக அதில் சேர்ந்தன.

ஸ்க்ரீன் ரீடர் விலையோ அன்று கொள்ளை விலை. ஜாஸ் கிட்டத்தட்ட 900 டாலர். நம்மூர்க் கணக்கில் 2000-களில் சுமார் 40,000 ரூபாய். கம்ப்யூட்டரைவிடக் கம்ப்யூட்டரைப் பேசவைக்க அதிகச் செலவு! 2006-ல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்கிற பார்வையற்ற இளைஞர், இது நியாயமில்லை என்று தானே ஒரு ஸ்க்ரீன் ரீடரை எழுத ஆரம்பித்தார். பெயர் என்விடிஏ. அவரோடு சேர்ந்துகொண்டவர் ஜேம்ஸ் டே. அவரும் பார்வையற்றவர். சின்ன வயதில் இருவரும் சந்தித்துக்கொண்டது பார்வையற்ற பிள்ளைகளுக்கான ஒரு சங்கீத முகாமில். என்விடிஏவும் இலவசம். அதோடு வரும் இலவசக் குரல் தமிழிலும் வாசிக்கும். இயந்திரத் தமிழ்தான். ஆனாலும் தமிழ்.

*

இப்போது அந்த மூன்று மணி நேர வகுப்புக்குத் திரும்புவோம். கண்ணை இன்னும் மூடிக்கொண்டுதானே இருக்கிறீர்கள்?

பதிவை ஆடாசிட்டியில் திறக்கிறீர்கள். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ஓடுகிறது. முதல் பாடம் முடிந்து இரண்டாவது ஆரம்பிக்கிற இடம் காதில் விழுந்ததும் கன்ட்ரோலோடு எம். அந்த இடத்தில் ஓர் அடையாளக் கொடி நட்டாகிவிட்டது. கொடிக்குப் பெயர் கேட்கும். 'பாடம் 2' என்று டைப் அடித்து என்டர். பேச்சு நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. அடுத்த இடத்தில் அடுத்த கொடி. எல்லாக் கொடியையும் நட்ட பிறகு, கொடிவாரியாகத் தனித்தனி ஃபைலாகக் கொடு என்று ஒரு கட்டளை. ஆறு பாடம், ஆறு ஃபைல், ஒவ்வொன்றுக்கும் நீங்கள் வைத்த பெயர். மலைத்தொடரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவ்வளவு சுலபமா என்றால், இல்லை. சில்லறைத் தொல்லைகள் உண்டு.

ஒன்று, காது கேட்டு, மூளை புரிந்து, விரல் தட்டுவதற்குள் அரை செகண்ட் ஓடிவிடும். கொடி சற்றுத் தள்ளி விழும். அம்புக்குறி விசையால் பின்னுக்கு நகர்த்தலாம். ஆனால் ஒரு தட்டுக்கு எவ்வளவு நகரும் என்பது, திரையில் படம் எவ்வளவு பெரிதாக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது! பார்க்கவே முடியாத படத்தைப் பெரிதாக்கிவிட்டுத்தான் நகர்த்த வேண்டும். கண்ணுள்ளவர்கள் கட்டிய வீட்டில் குடியிருப்பதென்றால் இப்படித்தான்.

இரண்டு, ஸ்க்ரீன் ரீடரும் பேசும், பேராசிரியரும் பேசுவார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில். பழகியவர்கள் சமாளித்துவிடுவார்கள். 2024-ல் வந்த என்விடிஏ பதிப்பில் இதற்கும் வழி செய்தார்கள். ஸ்க்ரீன் ரீடர் இடது காதில், மற்றதெல்லாம் வலது காதில்.

மூன்றாவது, கம்ப்யூட்டரே தானாகப் பிரிக்காதா என்கிற ஆசை. பிரிக்கும். ஒலி இந்த அளவுக்குக் கீழே போய், ஒரு செகண்டுக்கு மேல் அமைதியாக இருந்தால் அங்கே வெட்டு என்று சொல்லலாம். ஆனால் நம் பேராசிரியர் ஒரு கேள்வி கேட்டுவிட்டு வகுப்பை முறைத்துப் பார்த்தபடி மூன்று செகண்ட் நிற்பார். கம்ப்யூட்டர் அதைப் புதுப் பாடம் என்று நினைத்துக்கொள்ளும். கச்சேரிப் பதிவென்றால் நேர்மாறு. பாட்டு முடிந்தால் கைதட்டல், கைதட்டலுக்குப் பின்னால் விடாமல் தம்புரா. அமைதியென்று ஒன்று இருந்தால்தானே வெட்ட? எது முடிவு, எது மூச்சு வாங்கல் என்று தெரிந்துகொள்ள, கேட்பதைப் புரிந்துகொள்ளும் ஒரு மனுஷக் காது வேண்டியிருக்கிறது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் கடைசியில்தான் வருகிறது. நட்ட கொடிகளை ஆடாசிட்டி ஒரு சாதாரண எழுத்து ஃபைலாக எழுதிக் கொடுக்கும். வரிக்கு ஒரு கொடி. ஆரம்ப நேரம், முடிவு நேரம், பெயர். அதை நோட்பேடில் திறக்கலாம். ஸ்க்ரீன் ரீடர் வரிவரியாக வாசிக்கும். 3605.2 செகண்ட் என்று இருப்பதை 3604.8 என்று திருத்தித் திரும்ப உள்ளே அனுப்பலாம். கொடி நகர்ந்துவிடும். அம்புக்குறியும் வேண்டாம், படமும் வேண்டாம். மலைத்தொடர் முழுவதும் பத்து வரிப் பட்டியலாகிவிட்டது. ஸ்வீடன் நூலகத்துக்காரர்கள் செய்த அதே காரியம். டேப்பில் அந்த பீப் செய்த அதே காரியம். ஒலிக்குப் பக்கத்தில் ஓர் அடையாளம்.

ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. பீப்பை வைத்தவர் வேறு யாரோ. டெய்ஸியில் தலைப்பு வைத்தவர் நூலகத்துக்காரர். இந்தக் கொடியை நட்டது நீங்கள். எது தொடக்கம், எது முடிவு, எது தேவையில்லை என்று தீர்மானித்தது நீங்கள்.

என்விடிஏவை எழுதியவர்களில் ஒருவரான ஜேம்ஸ் டே அதோடு நிற்கவில்லை. 'ரீப்பர்' என்கிற தொழில்முறை ஒலி எடிட்டரை ஸ்க்ரீன் ரீடரோடு பேசவைக்க 'ஒசாரா' என்று ஓர் இணைப்பு மென்பொருளையும் எழுதினார். இன்றைக்கு உலகம் முழுவதும் பார்வையற்ற இசைக் கலைஞர்களும் ஒலிப்பதிவாளர்களும் அதை வைத்துச் சம்பாதிக்கிறார்கள். பிளேடுக் காலத்தில் காதின் கையிலிருந்த தொழில் காதுக்கே திரும்பி வந்துகொண்டிருக்கிறது.

கருவி கிடைத்தால் போதாது, அனுமதியும் வேண்டும். ஒரு புத்தகத்தை ஒலியாக மாற்றினால் காப்புரிமைச் சட்டம் குறுக்கே வருமா? இந்தியா 2012-ல் சட்டத்தைத் திருத்தி, மாற்றுத் திறனாளிகளுக்காக அப்படிச் செய்யலாம் என்று வழிவிட்டது. 2013-ல் மொராக்கோவின் மராக்கேஷ் நகரில் இதற்கென்றே ஓர் உலக ஒப்பந்தம் உருவானபோது, அதற்கு முதன்முதலில் ஒப்புதல் கொடுத்த நாடும் இந்தியாதான். 2014-ல். நாம் அவ்வளவாகப் பேசிக்கொள்ளாத ஒரு பெருமை.

எடிசன் தப்பாகச் சொன்னார் என்று நான் சொல்லவரவில்லை. பேசும் புத்தகம் வரும் என்றார், வந்தது. அவர்கள் ஒரு சிரமமும் படவேண்டாம் என்றாரே, அந்த இடத்தில்தான் கணக்குப் பிசகிவிட்டது. தட்டைத் தடவி வரிசைப்படுத்தியவர்கள், பீப்பை எண்ணியவர்கள், கீபோர்டில் கொடி நடுகிறவர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான். எங்களுக்காக நீங்களே எல்லாம் செய்துவிடாதீர்கள். அந்தச் சிரமத்தை எங்களிடம் கொடுங்கள்.

சரி, கண்ணைத் திறக்கலாம். உங்கள் போனில் ஒரு பழைய பதிவு இருக்குமே, தாத்தா பேசியதோ, பாட்டி பாடியதோ? ஒரு முறை திரையைப் பார்க்காமல், காதை மட்டும் நம்பி, அதில் உங்களுக்கு வேண்டிய ஒரு நிமிடத்தைத் தேடிப் பிடித்துப் பாருங்கள்.